காயில் கட்டும் கொட்டகைக்கு எத்தகைய விளக்கு?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

கண்மாய் நிறையாத ஆண்டுகளில் புதுக்கோட்டை மாவட்டத்து வயல்கள் பலவும் பம்பு மோட்டாரை நம்பியே இருக்கின்றன. மோட்டார் ஓடும் ஊரில் அது எரிந்துபோவதும் உண்டு. எரிந்த மோட்டாரின் பழைய சுற்றை எடுத்துவிட்டுப் புதிய செம்புக் கம்பி சுற்றுவதைத்தான் ‘காயில் கட்டுதல்’ என்கிறோம். ஆவூரில் என் தந்தையார் வீட்டை ஒட்டிய கொட்டகையில் இத்தொழிலைச் செய்து வருகிறார். அக்கொட்டகையின் விளக்குகளை மாற்ற முற்பட்டபோது, இயற்பியல் வகுப்பில் படித்த பாடங்கள் பல அங்கே வந்து நின்றன. அவற்றையே இங்கு எழுதுகிறேன். தச்சுப் பட்டறை, சைக்கிள் கடை, தையற்கடை ஆகியவற்றுக்கும் இவற்றுள் பெரும்பகுதி பொருந்தும்.

வெளிச்சம் போதவில்லை என்றால் ‘பெரிய பல்பாகப் போடு’ என்பதே நாம் வழக்கமாகக் கேட்கும் யோசனை. ஆனால் வாட் என்பது விளக்கு எடுத்துக்கொள்ளும் மின்திறனேயன்றி, அது தரும் ஒளியின் அளவன்று. விளக்கு உமிழும் மொத்த ஒளியை லூமென் என்றும், அதில் ஒரு சதுர மீட்டர் பரப்பின்மேல் விழுவதை லக்ஸ் என்றும் அளக்கிறோம். 60 வாட் குண்டு பல்பு ஏறத்தாழ 700 லூமென் தரும். 9 வாட் எல்.இ.டி. பல்பு அதைவிடச் சற்றுக் கூடுதலாகவே தந்துவிடுகிறது. எனினும் வேலை செய்பவருக்கு வேண்டியது மேசைமேல் விழும் லக்ஸ்தான்; அது விளக்கு இருக்கும் இடத்தைப் பொறுத்தது. புள்ளி ஒளிமூலத்தின் தூரத்தைப் பாதியாக்கினால் செறிவு 4 மடங்காகும் என்பது தலைகீழ் இருமடி விதி. 4 அடிக் குழல்விளக்கு புள்ளியன்று. ஆதலால் மேசைக்கு 7 அடி மேலே உள்ள அதனை 3½ அடிக்கு இறக்கினால் ஒளி நான்கு மடங்குக்குச் சற்றுக் குறைவாகவே கூடும். அதுவும் ஒரு காசு செலவின்றிக் கிடைப்பதுதானே!

இடம் என்னும்போது உயரம் மட்டும் போதாது. எங்கள் பழைய டியூப்லைட் கொட்டகையின் நடு வளையில் இருந்தது, மேசையோ சுவரோரம். குனிந்து வேலை செய்பவரின் தலை நிழல் சரியாக ஸ்டேட்டரின் காடிகளுக்குள் விழும். விளக்கைத் தலைக்கு முன்னே, வலக்கைக்காரராயின் இடப்புறமாக அமைத்தால் நிழல் வேலையின்மேல் விழாது. கண்ணில் நேரே படாதபடி விளக்குக்கு மறைப்பும் வேண்டும். புகையேறிய சுவருக்கு ஒரு கை சுண்ணாம்பு அடித்தால், விழும் ஒளியின் பெரும்பங்கு திரும்பி வரும். விளக்கு வாங்குமுன் செய்ய வேண்டிய வேலை இது என்பது என் கருத்து.

இவ்வளவு ஒளி எதற்கு என்று கேட்கலாம். 22 கேஜ் கம்பியின் விட்டம் 0.71 மி.மீ.; 23 கேஜ் 0.61 மி.மீ. வேறுபாடு 0.1 மி.மீ. மட்டுமே. கம்பியை மாற்றிச் சுற்றிவிட்டால் மோட்டார் மறுபடியும் எரியும். கூலியும் கம்பியும் நட்டம். முதலாண்டில் ஆய்வகத்தில் நாம் பயன்படுத்திய திருகு அளவியைத்தான் அங்கும் பயன்படுத்துகிறார்கள். அதன் கோடுகளை மங்கிய ஒளியில் இருபது வயதுக்காரன் படித்துவிடுவான். வயது ஏற ஏறக் கண்பாவை சிறுக்கிறது, வில்லை மஞ்சளிக்கிறது. அறுபது வயதுக் கண்ணின் விழித்திரையை அடையும் ஒளி, இருபது வயதில் அடைந்ததில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே என்பர். ஆகவே ‘எனக்குத் தெரிகிறதே’ என்று மகன் சொல்வது தந்தைக்கு அளவாகாது.

இனி, ஆபத்தான செய்திக்கு வருவோம். நம் வீட்டு மின்சாரம் வினாடிக்கு 50 சுற்று மாறும் மாறுதிசை மின்னோட்டம். ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை அது சுழியாவதால், பழைய சோக் பொருத்திய குழல்விளக்கு வினாடிக்கு 100 முறை மங்கி ஒளிர்கிறது. கண் இதனை உணர்வதில்லை. ஆனால் சுழலும் பொருளை அவ்வொளியில் பார்த்தால் என்ன ஆகும்?

கட்டி முடித்த மோட்டாரை ஓட்டிப் பார்ப்பது வழக்கம். நிமிடத்துக்கு 1440 முறை, அதாவது வினாடிக்கு 24 முறை சுழலும் மோட்டாரின் கப்ளிங்கில் நான்கு போல்ட்டுகள் 90 பாகை இடைவெளியில் உள்ளன என்று கொள்வோம். ஒரு ஒளிர்வுக்கும் அடுத்த ஒளிர்வுக்கும் இடையே அது 86.4 பாகை திரும்பும். முந்தைய போல்ட் இருந்த இடத்துக்கு 3.6 பாகை பின்னால் அடுத்த போல்ட் நிற்கும். போல்ட்டுகள் யாவும் ஒன்றுபோல் இருப்பதால், கண்ணுக்குக் கப்ளிங் 3.6 பாகை பின்னோக்கி நகர்ந்ததாகத் தோன்றும். வினாடிக்கு 100 ஒளிர்வு ஆகையால், நிமிடத்துக்கு 1440 முறை முன்னோக்கிச் சுழலும் இரும்பு, 60 முறை பின்னோக்கி மெதுவாகச் சுழல்வதாகத் தெரியும்! 1500 என்னும் ஒத்தியங்கு வேகத்துக்கும் 1440க்கும் உள்ள வேறுபாடும் அதே 60 என்பதைக் கவனிக்க. மோட்டாரின் ‘நழுவலை’ ஆய்வகத்தில் அளக்கும் முறை ஒன்று இதனையே அடிப்படையாகக் கொண்டது. கொட்டகையிலோ, ஓடி நிற்கப்போகிறது என்று எண்ணி ஒருவர் கையை நீட்டிவிடக்கூடும். சத்தத்தை வைத்துக் கண்டுகொள்ளலாம் என்பார் தந்தையார். பக்கத்தில் இன்னொரு மோட்டார் ஓடும்போது அதுவும் கைகொடுக்காது.

இதற்கு மாற்று உண்டு. பெரிய தொழிற்கூடங்களில் மும்முனை மின்சாரத்தின் மூன்று முனைகளிலும் விளக்குகளைப் பிரித்துப் போடுவார்கள். ஒன்று மங்கும்போது மற்றவை ஒளிரும். ஆனால் இரு முனைகளுக்கிடையே 415 வோல்ட் இருப்பதால், வீட்டுக் கொட்டகையில் அதை நாமாகச் செய்யலாகாது. நல்ல டிரைவர் சுற்றுள்ள எல்.இ.டி. குழல்விளக்கே எளிய வழி. விலை குறைந்தவற்றுள் சில, பழைய குழலைப் போலவே துடிக்கின்றன. கடையிலேயே சோதித்துக்கொள்ளலாம். ஒரு பளபளப்பான கம்பியை விளக்கின்கீழ் வேகமாக ஆட்டினால், துடிக்கும் ஒளியில் அது விசிறிபோல் பல கம்பிகளாகத் தெரியும். சீரான ஒளியில் ஒரே படலமாகத் தெரியும்.

நிறத்தைப் பற்றியும் சிறிது. வெள்ளை எல்.இ.டி. என்பது நீல எல்.இ.டி.மேல் மஞ்சள் பாஸ்பர் பூசியது. அந்த நீலத்தைக் கண்டுபிடித்த அகசாகி, அமானோ, நகமுரா மூவரும் 2014இல் நோபல் பரிசு பெற்றனர். மட்டமான விளக்கில் சிவப்புக் குறைவதால், கருகிய வார்னிஷும் நல்ல வார்னிஷும் ஒன்றாகத் தோன்றும். நிறக் குறியீட்டெண் 80க்குக் குறையாதது நல்லது. மின்னழுத்தம் குறையும் மாலைகளில் சோக் விளக்கு கண்சிமிட்டிக்கொண்டே இருக்கும், எல்.இ.டி. பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும்.

இப்பொழுது கொட்டகையில் மேசைக்கு மேல், முன்பக்கமாக இரண்டு 20 வாட் எல்.இ.டி. குழல்களும், காடிகளுக்குள் பார்க்க இடப்புறம் மறைப்புள்ள சிறு விளக்கு ஒன்றும் உள்ளன. பழைய டியூப்லைட்டைத் தந்தையார் எறிந்துவிடவில்லை. சுழலும் பொருள் எதுவும் இல்லாத வாசற்புறத்தில் அது எரிகிறது.