பாட்டிலில் இருக்கும் கலர் முக்கோணம்

நம்ம ஊரில் நிறைய வீட்டில் மாட்டுக் கொட்டகையிலோ பரண் மேலேயோ ஒரு பூச்சி மருந்து பாட்டில் இருக்கும். அதன் லேபிளில் ஒரு கலர் முக்கோணம் போட்டிருப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? போன சம்பா வரைக்கும் நான் அதைக் கம்பெனி முத்திரை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன சம்பாவில் எங்கள் சித்தப்பா கூலிக்கு மருந்து அடிக்கப் போனார். இலைச்சுருட்டுப் புழு விழுந்திருந்தது. மதியம் வந்தவர் "தலை சுத்துது"ன்னு திண்ணையில் படுத்துவிட்டார். வேர்த்துக் கொட்டியது. வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருந்தது. இரண்டு தடவை வாந்தி எடுத்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "என்ன மருந்து அடிச்சீங்க?" சித்தப்பாவுக்குத் தெரியவில்லை. ஏனென்றால் வயல்காரர் அதை ஒரு கலர் சோடா பாட்டிலில் ஊற்றித்தான் கொடுத்தாராம். அண்ணன் சைக்கிளில் ஊருக்குத் திரும்பி வந்து, அசல் பாட்டிலைத் தேடி வாங்கிக்கொண்டு போச்சு. டாக்டர் லேபிளை ஒரு நிமிஷம்தான் பார்த்தார். மூன்றாம் நாள் சித்தப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். ஆனால் அந்த ஒரு மணி நேரம் அம்மா அழுத அழுகை எனக்கு இன்னும் கேட்கிறது.

லேபிளில் இருந்ததை நோட்டில் எழுதிக்கொண்டு போய் அறிவியல் டீச்சரிடம் கேட்டேன். அவர்கள் சொன்னதையும் நான் படித்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

ஒரு சதுரத்தை முனையில் நிற்க வைத்த மாதிரி லேபிளில் ஒரு படம் இருக்கும். அதைக் குறுக்கே கோடு போட்டால் இரண்டு முக்கோணம். கீழ் முக்கோணத்தில் கலர், மேல் முக்கோணத்தில் எச்சரிக்கை. சிவப்பு என்றால் மிகக் கடுமையான விஷம். மேலே மண்டை ஓடும் 'விஷம்' என்ற சொல்லும் இருக்கும். மஞ்சளும் கடுமையான விஷம்தான், ஆனால் மண்டை ஓடு இருக்காது. குளோர்பைரிபாஸ் இந்த வகை. நீலத்தில் 'அபாயம்' என்று போட்டிருக்கும், மாலத்தியான் மாதிரி. பச்சையில் 'எச்சரிக்கை' என்று இருக்கும், மான்கோசெப் மாதிரி. எலிக்குக் கொடுத்துப் பார்த்து இதைப் பிரிக்கிறார்கள். எலியின் எடையில் ஒரு கிலோவுக்கு 50 மில்லிகிராமுக்குள் கொடுத்தாலே பாதி எலிகள் செத்துப் போனால் அது சிவப்பு. 500 வரை மஞ்சள், 5000 வரை நீலம், அதற்கு மேல் பச்சை. பச்சை என்றால் பயமில்லை என்று அர்த்தம் இல்லை, மற்றதை விடக் குறைவு, அவ்வளவுதான்.

எழுத்துப் படிக்கத் தெரியாதவர்களும் கலரைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். நல்ல யோசனைதான்! ஆனால் கலருக்கு என்ன அர்த்தம் என்று எங்கள் தெருவில் எட்டுப் பேரிடம் கேட்டேன். ஒருத்தருக்கும் தெரியவில்லை. ஒரு தாத்தா சொன்னார், "செவப்புன்னா காரமான மருந்து, பூச்சி பட்டுன்னு விழுவும். பச்சைன்னா பயிரு பச்சையா வர்றதுக்கு." எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் சிரிப்பு வரவில்லை.

நாம் பேசும் பேச்சிலும் தப்பு இருக்கிறது. காய்ச்சலுக்குச் சாப்பிடுவதும் மருந்து, வயலில் அடிப்பதும் மருந்து! எங்கள் அப்பாயி மட்டும் எல்லாவற்றையும் 'பாலிடாயில்' என்று சொல்லும். அது சும்மா சொல் இல்லை. 'போலிடால்' என்ற பெயரில் வந்த பாரத்தியான் என்ற விஷத்தின் பெயர்தான் நம்ம வாயில் அப்படி ஆனது. 1958-ல் பம்பாயிலிருந்து கொச்சிக்கு வந்த கப்பலில் கோதுமை மாவு மூட்டையையும் இந்தப் போலிடாலையும் சேர்த்து ஏற்றினார்கள். விஷம் கசிந்து மாவில் இறங்கியது. அந்த மாவில் செய்ததைச் சாப்பிட்டுக் கேரளாவில் 100 பேருக்கு மேல் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் 1968-ல் பூச்சிக்கொல்லிச் சட்டம் வந்தது, 1971-ல் விதிகள் வந்தன. நாம் பார்க்கும் கலர் முக்கோணம் அந்த விதிகளில்தான் இருக்கிறது.

சட்டம் வந்தும், விஷம் லேபிளை விட்டு வேறு பாத்திரத்துக்குப் போனால் என்ன ஆகும்? 2013 ஜூலையில் பீகார் மாநிலம் சரண் மாவட்டத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் மதிய உணவு சாப்பிட்ட 23 பிள்ளைகள் இறந்தார்கள். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் கலந்திருந்தது. நம்மை மாதிரி தட்டோடு வரிசையில் நின்ற பிள்ளைகள்தான். இந்த மோனோகுரோட்டோபாஸ் சிவப்பு முக்கோணம். 2023-ல்தான் மத்திய அரசு அதன் 36 சதவீதத் திரவத்துக்குத் தடை போட்டது.

சித்தப்பாவுக்கு ஏன் எச்சில் ஊறியது என்றும் டீச்சர் சொன்னார்கள். நம் நரம்பு ஒரு சேதியைச் சொன்னதும் அந்தச் சேதியை அழிக்க உடம்பில் ஒரு நொதி இருக்கிறது. இந்த வகை விஷம் அந்த நொதியைக் கட்டிப்போடும். சுவிட்சைப் போட்டுவிட்டு அணைக்க முடியாத மாதிரி எச்சில், வேர்வை, வாந்தி எல்லாம் நிற்காமல் வரும். கண்ணின் பாப்பா குண்டூசி முனை மாதிரி சுருங்கிவிடும். இதற்கு அட்ரோபின் என்ற ஊசி போடுவார்கள். மாற்று மருந்து எது என்று பாட்டிலோடு வரும் துண்டுச் சீட்டிலேயே அச்சடித்திருக்கிறது. அதனால் யாருக்காவது இப்படி ஆனால் 108-க்குப் போன் பண்ணுங்கள், பாட்டிலையும் சீட்டையும் கையோடு கொண்டுபோங்கள். நனைந்த சட்டையைக் கழற்றிவிட்டு உடம்பைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், ஏனென்றால் அது தோல் வழியாகவும் உள்ளே போகும். சித்தப்பா அன்றைக்குக் காற்றுக்கு எதிராக நடந்து அடித்திருக்கிறார், டேங்க் வேறு முதுகில் ஒழுகியிருக்கிறது. நாசில் அடைத்தபோது வாயால் ஊதினாராம்! குத்தூசியால் குத்திவிடக் கூட நேரமில்லையாம்.

இன்னொன்று. எங்கள் அம்மா களை பறிக்கப் போகிறது. நேற்று மருந்து அடித்த வயலில் இன்று வெறுங்காலோடு, வெறுங்கையோடு இறங்கும். பாட்டில் அடிக்கிறவர் கையிலாவது ஒரு தடவை வரும். களை பறிக்கிறவர்கள் அதைக் கண்ணாலேயே பார்ப்பதில்லை.

நான் முக்கோணத்தை நாலு கலரிலும் ஒரு அட்டையில் வரைந்து அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்தேன். இந்தத் தாளடியில் அம்மாவும் கூட வந்த மூன்று பேரும் வரப்பில் நின்று, "நேத்து என்ன கலரு அடிச்சீங்க?" என்று கேட்டார்களாம். வயல்காரர் முதலில் சிரித்தார். இரண்டாம் நாளும் கேட்டார்கள். மூன்றாம் நாள் அவரே வீட்டிலிருந்து பாட்டிலை எடுத்துவந்து காட்டினார். மஞ்சள். அன்றைக்கு யாரும் இறங்கவில்லை, பக்கத்து வயலில் வேலை செய்தார்கள்.