பெரிய டீச்சர் வகுப்புக்குள் வரட்டும்

மூன்றாம் வகுப்புக் கணக்கு நோட்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். 52-லிருந்து 27-ஐக் கழிக்க வேண்டும். குழந்தை 35 என்று எழுதியிருக்கிறது. சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி, கீழே ஆசிரியரின் கையெழுத்து, தேதி. அடுத்த நோட்டிலும் 35. அதற்கடுத்ததிலும் அதே 35. இரண்டிலிருந்து ஏழு போகாது என்பதால், ஏழிலிருந்து இரண்டைக் கழித்துவிட்டார்கள். ஒரு பிள்ளை எழுதினால் அது கவனப்பிசகு. பத்துப் பிள்ளைகள் எழுதினால், கடன் வாங்கிக் கழித்தல் அந்த வகுப்புக்கு இன்னும் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். கட்டுக்கட்டாக நோட்டுத் திருத்தும் அவசரத்தில் ஆசிரியர் இதைத் தவறவிடலாம். நோட்டுகளை வரிசையாகப் புரட்டிப் பார்க்கும் தலைமையாசிரியர் தவறவிட மாட்டார்.

கற்பித்தலை மேற்பார்வையிடுவது என்றால் என்ன என்று கேட்டால், நான் இந்த நோட்டுக் கட்டைத்தான் காட்டுவேன். நம் பள்ளிகளிலோ அந்தச் சொல்லுக்குப் பெரும்பாலும் வேறு பொருள். பாடக்குறிப்பில் கையெழுத்து, வருகைப் பதிவேடு, அதிகாரி வந்தால் காட்டுவதற்கு ஒழுங்காக அட்டை போட்ட கோப்புகள்.

வருகையைக் கண்காணிப்பது வீண் என்று சொல்ல வரவில்லை. 2003-இல் இந்தியா முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு ஆய்வாளர்கள் முன்னறிவிப்பின்றிப் போய்ப் பார்த்தார்கள். நான்கு ஆசிரியர்களில் ஒருவர் பள்ளியில் இல்லை. பாடம் நடத்திக்கொண்டிருந்தவர்கள் ஏறக்குறைய பாதிப்பேர்தான். 2010-இல் 1,297 கிராமங்களில் மறுபடி பார்த்தபோதும் நிலைமை பெரிதாக மாறியிருக்கவில்லை. ஆனால் அதிகாரிகள் அடிக்கடி வந்துபோன பள்ளிகளில் ஆசிரியர்கள் வராமல் இருப்பது குறைவாக இருந்தது. ஆள் வந்தால்தானே பாடம்?

ஆள் வந்துவிட்டார், பாடம் நடக்கிறது. அதற்குப் பிறகுதான் தலைமையாசிரியரின் உண்மையான வேலை ஆரம்பிக்கிறது. நியூசிலாந்துக் கல்வியாளர் விவியன் ராபின்சனும் உடன் ஆய்வாளர்களும் அதுவரை வெளிவந்த ஆய்வுகளைத் தொகுத்து, 2008-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தலைமையாசிரியரின் வேலைகளை ஐந்தாகப் பிரித்து, ஒவ்வொன்றும் மாணவர் கற்றலோடு எவ்வளவு தொடர்புடையது என்று அளந்தார்கள்; எண் பெரிதானால் தொடர்பும் பெரிது. பள்ளியில் ஒழுங்கான சூழலைப் பேணுவதன் பலன் 0.27. பாடத்தைத் திட்டமிடுவது, வகுப்பை நேரில் பார்த்து மதிப்பிடுவது ஆகியவற்றின் பலன் 0.42. ஆசிரியர்கள் தொழில் கற்றுக்கொள்ளும்போது தானும் கூட உட்கார்ந்து கற்பதன் பலன் 0.84. வகுப்பைப் பார்த்து மதிப்பிடுவதைவிடச் சேர்ந்து கற்பதன் பலன் இரண்டு மடங்கு.

காகிதம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு மத்தியப் பிரதேசம் சாட்சி. அங்கே பள்ளிகளை விரிவாக மதிப்பிட்டு, மதிப்பெண் அட்டை தந்து, ஒவ்வொரு பள்ளிக்கும் முன்னேற்றத் திட்டம் எழுத வைத்தார்கள். கார்த்திக் முரளிதரனும் அபிஜீத் சிங்கும் 1,774 பள்ளிகளில் இதன் விளைவைச் சோதித்தார்கள். மதிப்பீடுகள் நடந்தன, திட்டங்களும் எழுதப்பட்டன. வகுப்பறையில் கற்பித்தல் மாறவில்லை. பிள்ளைகளின் கற்றலும் உயரவில்லை. எழுதச் சொன்னதை எல்லோரும் எழுதினார்கள், அவ்வளவுதான்.

இனித் தமிழ்நாட்டுக்கு வருவோம். நம் தொடக்கப் பள்ளிகளில் பல ஈராசிரியர் பள்ளிகள். அந்த இருவரில் ஒருவர்தான் தலைமையாசிரியர். ஐந்து வகுப்புகளில் பாதி அவர் பொறுப்பு. கல்வி உரிமைச் சட்டமே 150 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால்தான் ஆசிரியர்களுக்கு மேலாகத் தனியாக ஒரு தலைமையாசிரியர் என்கிறது. பெரும்பாலான தொடக்கப் பள்ளிகளில் எழுத்தர் கிடையாது. எமிஸ் இணையதளப் பதிவு, காலை உணவு, சத்துணவுக் கணக்கு, விலையில்லாப் பொருட்கள், கூட்டம் எல்லாம் அவர் தலையில். இப்படிப்பட்டவரிடம் போய், பக்கத்து வகுப்பை ஏன் பார்க்கவில்லை என்று கேட்பது நியாயமில்லை. வட்டாரக் கல்வி அலுவலருக்கோ பல பள்ளிகள். அவரால் எப்போதாவதுதான் வர முடியும். தினமும் அங்கேயே இருப்பவர், பிள்ளைகள் பெரிய சார் என்றோ பெரிய டீச்சர் என்றோ அழைக்கும் தலைமையாசிரியர்தான்.

இந்த நெருக்கடியிலும் செய்யக்கூடியது உண்டு. வாரத்தில் ஒரு பாடவேளையில் இருபது நிமிடம் போதும். எந்த நாள் என்று முன்பே சொல்லிவிட்டுத் தலைமையாசிரியர் வகுப்புக்கு வர வேண்டும். பிள்ளைகளோடு உட்கார வேண்டும். ‘எண்ணும் எழுத்தும்’ திட்ட வகுப்பில் ‘அரும்பு’ என்னும் தொடக்க நிலையில் இருக்கும் பிள்ளை, மாதங்கள் கழிந்தும் ஏன் அங்கேயே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பாடத்தை மனப்பாடமாக ஒப்பிக்கும் குழந்தையிடம், நடுவில் ஒரு சொல்லைத் தொட்டு வாசிக்கச் சொன்னால் உண்மை தெரிந்துவிடும். ஆசிரியரைப் பிள்ளைகள் முன்னால் திருத்தவே கூடாது. மாலையில் இருவரும் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு பேசலாம். அடுத்த வாரம் தலைமையாசிரியரின் வகுப்பில் அந்த ஆசிரியர் வந்து உட்காரட்டும். இதில் யாருக்கும் கௌரவக் குறைச்சல் இல்லை. அந்த நேரத்தில் அடுத்த வகுப்பைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே என்று கேட்பார்கள். ஆம், வேண்டும். தொடக்கப் பள்ளிகளுக்குப் பதிவேட்டு வேலைக்கு ஒருவரையாவது தருவது அரசின் கடமை.

பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர்தான். கழிப்பறை, சுற்றுச்சுவர் பற்றியெல்லாம் கேட்கிறோம், கேட்கவும் வேண்டும். அடுத்த கூட்டத்தில் இதையும் சேர்த்துக் கேளுங்கள்: “இந்த மாதம் பெரிய டீச்சர் மூன்றாம் வகுப்பில் எத்தனை முறை உட்கார்ந்தார்? உட்கார முடியவில்லை என்றால், அவருக்கு என்ன உதவி வேண்டும்?”