பூட்டிய அரசவை

1986 மே மாதம் ஜப்பானில் வெளிவந்த ‘டிராகன் குவெஸ்ட்’ என்ற வீடியோ கேம் ஓர் அரசவையில் தொடங்குகிறது. எதிரி ஒளிக்கோளத்தைக் கவர்ந்து போய்விட்டான், அதை மீட்டு வா என்கிறார் மன்னர். இங்கே பெட்டிகளில் இருப்பதை எடுத்துக்கொள் என்றும் சொல்கிறார். புறப்படலாம் என்று திரும்பினால் கதவு பூட்டியிருக்கிறது. அறையில் மூன்று பெட்டிகள்: ஒன்றில் தீப்பந்தம், ஒன்றில் 120 தங்கக் காசு, இன்னொன்றில் சாவி. பெட்டியைத் திறக்கத் தெரிந்தால் சாவி கிடைக்கும். சாவியைப் போடத் தெரிந்தால் கதவு திறக்கும். படியிறங்கும் கட்டளை எது என்று கண்டுபிடித்தால் கீழ்த்தளத்துக்குப் போகலாம்.

இதை வடிவமைத்தவர் யூஜி ஹோரீ. ‘விசர்ட்ரி’, ‘அல்டிமா’ போன்ற அமெரிக்க கம்ப்யூட்டர் விளையாட்டுகளில் மனம் பறிகொடுத்தவர். ஒரு பாத்திரமாகவே மாறி, அதன் வலிமையைக் கொஞ்சம் கொஞ்சமாக வளர்த்துக்கொண்டு போகும் ‘ரோல் பிளேயிங்’ வகை விளையாட்டுகள் அவை. கீபோர்டு முன்னால் உட்கார்ந்து, கையேட்டைப் புரட்டிப் புரட்டி ஆட வேண்டும். ஹோரீயின் ஆட்டமோ ஃபாமிகாம் என்ற வீட்டு டிவி கருவிக்கானது. கையில் திசைகாட்டும் சிலுவைக் கட்டையும் ஓரிரு பட்டன்களும்தான். ஆடப்போகிற சிறுவர்களில் பெரும்பாலோருக்கு இந்த வகை ஆட்டமே புதிது. அவர்களை உட்காரவைத்துப் பாடம் நடத்தாமல், பாடத்தையே ஓர் அறையாகக் கட்டி உள்ளே விட்டுப் பூட்டிவிட்டார் அவர். வெளியே வந்துவிட்டாலே கற்றுக்கொண்டாயிற்று.

ரோல் பிளேயிங் ஆட்டத்தின் தொடக்கம் எவ்வளவு நேரம் இருக்கலாம் என்ற கேள்வியை ஆடுபவர்களும் உருவாக்குபவர்களும் இன்றுவரை விவாதிக்கிறார்கள். பத்து நிமிடம் என்பார்கள் சிலர், ஒரு மணி நேரம் என்பார்கள் சிலர். கடிகாரத்தை வைத்து இதற்குப் பதில் காண முடியாது என்று நான் உறுதியாக நம்புகிறேன். கை கட்டப்பட்ட நிமிடமும் கை அவிழ்ந்த நிமிடமும் மனத்துக்கு ஒரே நீளம் உடையவை அல்ல. இதற்கு ஆய்வுக்கூடத்திலிருந்தே ஒரு சான்று உண்டு.

2002இல் லண்டனில் பேட்ரிக் ஹாகார்டும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட சோதனை அது. வேகமாகச் சுற்றும் முள் ஒன்றைப் பார்த்துக்கொண்டே ஒருவர் தாம் விரும்பிய கணத்தில் ஒரு விசையை அழுத்துவார். கால் நொடி கழித்து ஓர் ஒலி கேட்கும். எப்போது அழுத்தினீர்கள், எப்போது ஒலி கேட்டது என்று முள்ளின் நிலையை வைத்துச் சொல்ல வேண்டும். அழுத்தியதை உண்மையில் நடந்ததைவிடச் சற்றுப் பின்னாலும், ஒலியைச் சற்று முன்னாலும் மக்கள் உணர்ந்தார்கள். செயலும் விளைவும் மனத்துக்குள் ஒன்றையொன்று நோக்கி நகர்ந்து, நடுவில் இருந்த நேரம் சுருங்கிவிட்டது. பிறகு தலைக்கு வெளியிலிருந்து காந்தத் துடிப்பு செலுத்தி, அவர் நினைக்காமலேயே விரல் துடிக்கும்படி செய்தார்கள். அதே விரல், அதே ஒலி. ஆனால் இப்போது இரண்டுக்கும் நடுவில் இருந்த நேரம் சுருங்கவில்லை, விரிந்தது.

இது நொடியின் துணுக்குகளில் நடக்கும் விஷயம். மூன்று மணி நேரத் தொடக்கத்துக்கு இதை அப்படியே நீட்டிப் பொருத்திவிட முடியாது. ஆனாலும் நான் செய்தேன் என்ற உணர்வு நம் நேரக் கணக்கின் அடித்தளம் வரை போய்க் கைவைக்கிறது என்பது எனக்குத் தீராத வியப்பு. பெரிய அளவில் நடப்பதும் நாமெல்லாம் அறிந்ததே: வேலையில் கவனம் இருந்தால் நேரம் போவது தெரிவதில்லை, நேரத்தின் மீதே கவனம் இருந்தால் அது நகர்வதில்லை. தாயம் விழுந்தால்தான் காயை இறக்கலாம் என்ற விதியோடு ஆடும்போது, காய் இறங்காமலே பல சுற்றுகள் போய்விடும். அதைக் காத்திருப்பு என்று யாரும் சலித்துக்கொள்வதில்லை. கட்டை நம் கையில்தானே உருள்கிறது!

ஹோரீயின் அறைக்குள் இன்னொரு கணக்கும் இருக்கிறது. நம் மனம் ஒரே சமயத்தில் ஏழு செய்திகளை, ஒன்றிரண்டு கூடவோ குறையவோ, பிடித்து வைத்திருக்கும் என்று 1956இல் உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் எழுதினார். 2001இல் நெல்சன் கோவன் அதை மறுபரிசீலனை செய்து, ஏறக்குறைய நான்குதான் என்று வாதிட்டார். டிராகன் குவெஸ்டின் கட்டளைப் பட்டியலில் எட்டு கட்டளைகள். பூட்டிய அறைக்குள் பயன்படுபவை நான்கு: பேசு, எடு, கதவு, படி. ஹோரீ எந்த ஆய்வையும் பார்த்து இதைச் செய்திருப்பார் என்று நான் சொல்லவரவில்லை. புதியவரின் கையில் எவ்வளவு கொடுக்கலாம் என்பதில் ஒரு நல்ல கைவினைஞருக்கு இருக்கும் அளவுணர்வு இது. மந்திரம், பொருள்கள், வலிமைக் கணக்கு எல்லாம் பட்டியலில் கண்ணுக்குத் தெரிந்தபடியே வெளியே காத்திருக்கின்றன.

சொல்லிக்கொடுப்பதைவிடத் தானே கண்டுபிடிப்பது ஏன் நிலைக்கிறது என்பதற்கும் விடை உண்டு. 1978இல் ஸ்லாமேக்கா, கிராஃப் என்ற இருவர், சொற்களை வெறுமனே படித்தவர்களைவிடக் குறிப்பை வைத்துத் தாமே அந்தச் சொற்களை உருவாக்கியவர்கள் நன்றாக நினைவில் வைத்திருந்ததைக் காட்டினார்கள். பெட்டியைத் திறக்க இந்தப் பட்டனை அழுத்தவும் என்று திரையில் எழுத்து ஓடினால் படித்த வேகத்தில் மறந்துபோகும். பூட்டிய கதவின் முன்னால் நின்று, சாவி எங்கே என்று திரும்பிப் பார்த்தவருக்கு மறக்காது.

தொடக்கப் பயிற்சியின் பலனை மிகப் பெரிய அளவில் சோதித்துப் பார்த்த ஆய்வு 2012இல் வெளிவந்தது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எரிக் ஆண்டர்சன், சோரான் போப்போவிச் முதலியோர் மூன்று ஆட்டங்களில் பயிற்சியின் எட்டு வடிவங்களை 45,000க்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்களிடம் ஓடவிட்டார்கள். எளிமையான இரண்டு ஆட்டங்களில் பயிற்சி இருந்தாலும் இல்லாவிட்டாலும் பெரிய வேறுபாடு இல்லை. மக்கள் தாமே தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டார்கள். புரத மூலக்கூறுகளை மடிக்கும் ‘ஃபோல்டிட்’ என்ற கடினமான ஆட்டத்தில் மட்டும், பயிற்சி இருந்தபோது ஆடும் நேரம் 29 சதவீதம் வரை கூடியது; தேவைப்படும் இடத்தில் தேவைப்படும் கணத்தில் தந்த விளக்கம் அங்கே கூடுதல் பலன் தந்தது. இவை எதுவும் ரோல் பிளேயிங் ஆட்டங்கள் அல்ல. எனினும் அந்த வகை ஆட்டம் ஃபோல்டிட் பக்கம்தான் நிற்கிறது: ஆயுதம், மந்திரம், கவசம், தோழர்கள், கணக்குகள் என்று எக்கச்சக்கமாகக் கற்க வேண்டியிருக்கிறது. ஆகவே பயிற்சி வேண்டாம் என்று சொல்ல முடியாது. ஆனால் அதை வாசலிலேயே கொட்டிவிட வேண்டியதும் இல்லை. பத்தாவது மணி நேரத்தில் தேவைப்படுவதை ஒன்பதாவது மணியில் சொல்லலாமே.

1997இல் பிளேஸ்டேஷனுக்கு வந்த ‘ஃபைனல் ஃபேண்டஸி 7’ இந்த வித்தையில் தேர்ந்தது. விண்மீன்கள், ஒரு பெண்ணின் முகம், மெல்ல மெல்ல விரியும் ஒரு பெருநகரம், நிலையத்துக்குள் நுழையும் ரயில். சில நிமிடங்களில் நாயகன் கூரையிலிருந்து குதிக்கிறான், உடனே கட்டுப்பாடு நம் கைக்கு வருகிறது. அணுஉலை போன்ற ஓர் ஆலைக்குள் குண்டு வைத்துவிட்டு, பத்து நிமிடக் கடிகாரம் ஓட ஓடத் தப்பிக்க வேண்டும். அந்த நகரத்தை விட்டு வெளியே வந்து உலக வரைபடத்தைக் காண இன்னும் பல மணி நேரம் ஆகும். அதை நீளம் என்று குறை சொன்னவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. கை எப்போது அவிழ்கிறது, முடிவெடுக்கும் உரிமை எப்போது வருகிறது, உலகம் எப்போது திறக்கிறது என மூன்று கடிகாரங்கள் அங்கே தனித்தனியாக ஓடுகின்றன. முதல் கடிகாரம் இரண்டு மூன்று நிமிடத்தில் நின்றாக வேண்டும், இரண்டாவது அரை மணிக்குள். மூன்றாவது எவ்வளவு ஓடினாலும் பரவாயில்லை. இது என் கணக்கு.

2005இல் வந்த ‘கிங்டம் ஹார்ட்ஸ் 2’ இந்தக் கணக்கை மீறியது. முதல் பாகத்தின் நாயகன் சோராவைத் தேடி வந்தவர்களுக்கு ராக்ஸஸ் என்ற அறிமுகமில்லாத சிறுவனைக் கொடுத்தது. கோடை விடுமுறையின் கடைசி நாட்கள். அவன் சில்லறை வேலை செய்து காசு சேர்க்கிறான், நண்பர்களோடு ஐஸ்கிரீம் தின்கிறான். மணிக்கணக்காக இது நீள்கிறது. ஆனால் அவனுடைய உலகம் கலைந்து அவன் மறைந்துபோகும்போது மனத்தில் விழும் பள்ளம் அந்த மந்தமான மணி நேரங்களால் தோண்டப்பட்டது. அவற்றை வெட்டியிருந்தால் அந்தத் துயரமும் போயிருக்கும். முதல் முறை ஆடுபவருக்கு நான் அதை மனமாரப் பரிந்துரைப்பேன். இரண்டாம் முறை ஆடுபவரின் பொறுமையின்மையும் எனக்குப் புரிகிறது.

கடைக்காரரின் கணக்கு வேறு. ஸ்டீம் என்ற இணையக் கடை 2015இல் ஒரு விதி கொண்டுவந்தது: வாங்கி 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால், பணத்தைத் திரும்பக் கேட்கலாம். மூன்று மணி நேரத் தொடக்கம் உள்ள ஆட்டத்தில் அந்த முடிவை வாசலிலேயே நின்று எடுக்க வேண்டியிருக்கும்.

‘எல்டர் ஸ்க்ரோல்ஸ்’ வரிசையில் 2006இல் வந்த ‘ஒப்லிவியன்’ வாசலை வேறு விதமாகப் பயன்படுத்தியது. சிறையறையில் தொடங்கி, சுரங்கப் பாதைகளிலும் சாக்கடையிலும் நம்மை நடக்கவிடுகிறது. வாளால் வெட்டுகிறோமா, மறைந்து வில்லெடுக்கிறோமா, மந்திரம் போடுகிறோமா என்பதை ஆட்டம் கவனித்துக்கொண்டே வருகிறது. முடிவில் ஒரு காவலர், உனக்கு இந்தத் தொழில் பொருந்தும் என்று அதை வைத்தே யோசனை சொல்கிறார். சாக்கடையின் கடைசிக் கதவில் இன்னொரு சலுகை: இனம், பிறப்பு ராசி, தொழில் எதையும் மாற்ற வேண்டுமா என்று கேட்டுவிட்டுத்தான் வெளியே விடுகிறது. அனுபவசாலிகள் அந்தக் கதவருகே ஒரு முறை சேவ் செய்து பத்திரப்படுத்திக்கொள்வார்கள். அடுத்த முறை அங்கிருந்தே புதிய ஆளாகக் கிளம்பலாம்.

இரண்டாம் முறை என்பது இந்த வகை ஆட்டங்களில் சிறிய விஷயமல்ல. ‘பால்டர்ஸ் கேட் 2’ தொடங்கும் நிலவறையைத் தாண்டவைப்பதற்கென்றே ரசிகர்கள் ஒரு மாற்றுநிரல் எழுதினார்கள். ‘ஸ்கைரிம்’ 2011இல் கைகட்டிய கைதியாக ஒரு குதிரை வண்டியில் நம்மை ஏற்றியது. கண்ணை மட்டும் சுழற்றலாம். அதைத் தவிர்த்துவிட்டு வேறு வாழ்க்கையில் தொடங்கும் மாற்றுநிரலும் பிரபலமானது. உருவாக்கியவர்களே அந்த வண்டிப் பயணத்தை நூற்றுக்கணக்கான முறை பார்க்க வேண்டியிருந்ததாம். ஒருகட்டத்தில் வண்டி நடுங்கி வானத்தில் பறந்ததாகவும், பாதையைக் கடந்த ஒரு தேனீயை எதனாலும் நகர்த்த முடியாத பொருளாக நிரல் கருதியதே காரணம் என்றும் அவர்களில் ஒருவர் பின்னாளில் சொன்னார். ஓர் ஆட்டத்தில் மிக அதிகமாகப் பார்க்கப்படும் பகுதி அதன் தொடக்கமே.

நான் கண்டதில் மிகச் சிறந்த தொடக்கம் 1995இல் ஸ்கொயர் நிறுவனம் வெளியிட்ட ‘குரோனோ டிரிகர்’ உடையது. ஹோரீயும் அதில் பங்கேற்றார். அம்மா ஜன்னல் திரையை விலக்கி நாயகனை எழுப்புகிறாள். ஊரில் திருவிழா. பூட்டிய கதவு எதுவுமில்லை. பந்தயம் கட்டலாம், பாட்டுப்பாடும் ரோபோவோடு சண்டை போட்டு ஆட்டமுறையைப் பழகலாம், சிறுமியின் தொலைந்த பூனையைத் தேடிக் கொடுக்கலாம். மேசையில் யாரோ வைத்திருக்கும் சாப்பாட்டையும் எடுத்துத் தின்னலாம். ஒரு பெண் நம்மீது மோதி விழுகிறாள், அவளுடைய பதக்கம் தெறிக்கிறது. முதலில் அவளைக் கவனிக்கலாம், அல்லது பதக்கத்தை எடுக்கலாம். கவலையின்றிச் சுற்றுகிறோம்.

சில மணி நேரம் கழித்து, காலம் கடந்து போய்வந்த பிறகு, இளவரசியைக் கடத்தியதாக நாயகன் கைதாகிறான். நீதிமன்றம் கூடுகிறது. சாட்சிகள் வருகிறார்கள். சாப்பாட்டைப் பறிகொடுத்தவர் வருகிறார். பூனைக்காரச் சிறுமி வருகிறாள். பதக்கத்தை முதலில் எடுத்தானா, பெண்ணை முதலில் பார்த்தானா என்று கேட்கிறார்கள். திருவிழாவில் விளையாட்டாகச் செய்ததெல்லாம் குணத்துக்குச் சான்றாகிறது. தீர்ப்பு எதுவானாலும் சிறை உறுதி, ஆனால் ஜூரிகள் எழுந்து ஒவ்வொருவராகச் சொல்லும் சொல் நம்மைப் பற்றியது. யாரும் எதையும் கற்றுத்தரவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்த அந்த அரை மணி நேரத்தில், இந்த உலகில் நாம் செய்வதற்கு விளைவு உண்டு என்ற ஒரே பாடம் நடந்து முடிந்திருக்கிறது.

இரண்டாம் முறைக்கும் அந்த ஆட்டத்தில் வழி இருந்தது. ஒருமுறை முடித்தவர்கள் சேர்த்த வலிமையோடு மறுபடி முதலிலிருந்து ஆடலாம். ‘நியூ கேம் பிளஸ்’ என்ற பெயரே இந்த ஆட்டத்தால்தான் பரவியது. அப்படித் தொடங்கினால் அதே திருவிழாவில், இடம்பெயர்க்கும் இயந்திர மேடை ஒன்றில் ஒரு மினுமினுப்பு தெரியும். அதில் கால் வைத்தால் நேராகக் கடைசி எதிரியின் முன்னால் போய் நிற்கலாம். பத்துக்கும் மேற்பட்ட முடிவுகள் உள்ள அந்த ஆட்டத்தில், அப்போதே அவனை வீழ்த்துபவர்களுக்கு ஒரு தனி முடிவு காத்திருக்கிறது: ஆட்டத்தை உருவாக்கியவர்கள் திரையில் குட்டிக் குட்டிப் பாத்திரங்களாக நிற்கிறார்கள், அருகில் போனால் ஒவ்வொருவரும் பேசுகிறார்கள்.