குடும்பம் கூடி விளையாட ஓர் இடம்

கோடை விடுமுறையில் ஒருநாள் மாலை. பங்கு இல்லத்தின் திண்ணையில் அமர்ந்திருந்தோம். ஏழாம் வகுப்பு முடித்த சிறுவன் ஒருவன், சக்கரங்கள் பூட்டிய காலணிகள் இரண்டைக் கையில் ஏந்தி வந்து நின்றான். வளைகுடா நாட்டில் பணிபுரியும் தாய்மாமன் அனுப்பிய பரிசு அது.

"சாமி, ஆலயத்துக்கு முன்னால் இருக்கிற சிமெண்டுத் தரையில் ஓட்டிப் பார்க்கட்டுமா?" என்று கேட்டான்.

"தரை கீறிப்போகும். இது செபிக்கும் இடம். வேறு எங்காவது போய் ஓட்டு" என்று சொல்லி அனுப்பிவிட்டோம்.

அவன் போன இடம் கம்பம் செல்லும் நெடுஞ்சாலை! மூன்றாம் நாள் கையில் மாவுக்கட்டுடன் அவனைக் கண்டோம். எதிரே வந்த லாரிக்கு ஒதுங்கியவன் சரளையில் சறுக்கி விழுந்தானாம். "கட்டோடு போயிற்றே, சாமி! ஆண்டவருக்கு நன்றி சொல்லுங்கள்" என்றார் அவன் பாட்டி. அவர் நம்மைக் குறை கூறவில்லை. நம் மனச்சாட்சி கூறியது.

'வேறு எங்காவது' என்று எளிதாகச் சொல்லிவிட்டோம். நம் பள்ளத்தாக்கில் அந்த 'எங்காவது' எங்கே இருக்கிறது? அன்பார்ந்த பெற்றோரே, அந்தக் கேள்வியை உங்களோடு சேர்ந்து சிந்திக்கவே இதனை எழுதுகிறோம்.

சறுக்கும் சக்கரமும்

ஸ்கேட்டிங் எனப்படும் சறுக்கு விளையாட்டு, பனி உறையும் நாடுகளில் பிறந்தது. ஹாலந்து நாட்டின் ஸ்கீடாம் நகரில் 1380ஆம் ஆண்டு பிறந்த புனித லித்வீனா, பதினைந்து வயதில் பனித்தரையில் சறுக்கி விளையாடும்போது விழுந்து விலா எலும்பு முறிந்தார். 1433இல் இறக்கும்வரை படுக்கையிலேயே நோயைத் தாங்கினார். நெடுநோயாளருக்கு மட்டுமின்றிச் சறுக்கு விளையாடுவோருக்கும் அவரே பாதுகாவலர். விளையாட்டில் விழுந்த ஒரு சிறுமியை விளையாடுவோருக்கே பாதுகாவலராகத் தந்த திருச்சபை, விளையாட்டைப் பாவம் என்று கருதவில்லை என்பது தெளிவு.

பனியில்லாத இடத்திலும் சறுக்க வேண்டும் என்ற ஆசையே காலணியில் சக்கரத்தைப் பூட்டியது. 1760ஆம் ஆண்டளவில் லண்டனில் மெர்லின் என்பவர் சக்கரக் காலணி அணிந்து, வயலின் வாசித்துக்கொண்டே விருந்து மண்டபத்தில் நுழைந்தாராம். நிற்கும் வகை அறியாமல் பெரிய நிலைக்கண்ணாடியில் மோதினார் என்று சொல்வார்கள். 1863இல் அமெரிக்கரான பிளிம்டன், உடலைச் சாய்த்தால் தானே திரும்பும் நான்கு சக்கரக் காலணியை அமைத்த பிறகுதான் இது எல்லாரும் ஆடக்கூடிய விளையாட்டாயிற்று.

நம் தமிழ்ப் பிள்ளைகளும் இதில் பின்தங்கிவிடவில்லை. சென்னையைச் சேர்ந்த ஆனந்த்குமார் வேல்குமார், 2023இல் சீனாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் தொடர் ஓட்டக் குழுவுடன் வெண்கலம் வென்றார். 2025இல் உலகப் போட்டியில் 1000 மீட்டர் பிரிவில் தங்கமே வென்றார். நம் சிறுவன் அவர் படத்தைப் புத்தகத்தில் ஒட்டி வைத்திருந்தான் என்பதைப் பின்னர்தான் அறிந்தோம்.

தொடக்கப் பயிற்சிக்குப் பெரிய அரங்கம் வேண்டியதில்லை. கூடைப்பந்துத் திடல் அளவுள்ள, அதாவது 28 மீட்டர் நீளமும் 15 மீட்டர் அகலமும் உடைய, வழவழப்பான தரை போதும். அதை முதலில் பெருக்கவேண்டும். சிறு கல்லும் சக்கரத்தைத் தடுத்து ஆளைக் கவிழ்த்துவிடும். தலைக்கவசமும், முழங்கால், முழங்கை, மணிக்கட்டு ஆகியவற்றுக்குக் காப்பும் கட்டாயம் வேண்டும். முழங்காலை மடக்கிச் சற்றே முன்சாய்ந்து நிற்பதும், கையை ஊன்றாமல் பக்கவாட்டில் விழுவதும் முதற்பாடங்கள். சாலை ஒருநாளும் விளையாட்டுத் திடல் ஆகாது.

பாட்டியும் வரக்கூடிய இடங்கள்

ஆனால் சக்கரக் காலணி பிள்ளைக்கு மட்டுமே பொருந்தும். பாட்டியும் தாயும் தந்தையும் கைக்குழந்தையும் சேர்ந்து மகிழ எங்கே போவது? இறைவன் நமக்கு அதிலே குறை வைக்கவில்லை.

ஆண்டிபட்டிக்கு அருகே வைகை அணை இருக்கிறது. 1959இல் திறக்கப்பட்ட இவ்வணை 111 அடி உயரமுடையது. ஆற்றின் இரு கரைகளிலும் பூங்காக்கள் உள்ளன. வயது முதிர்ந்தோர் நிழலில் அமரலாம், பிள்ளைகள் ஓடியாடலாம். உபரி நீர் திறக்கும் நாட்களில் கரைகளை இணைக்கும் தரைப்பாலத்தை நெருங்காதீர்கள்.

கம்பத்திலிருந்து ஏறத்தாழ 10 கிலோமீட்டரில் சுருளி அருவியும், பெரியகுளத்திலிருந்து ஏறத்தாழ 8 கிலோமீட்டரில் கும்பக்கரை அருவியும் உள்ளன. இரண்டும் நீராடி மகிழத் தக்கவை. எனினும் ஓர் எச்சரிக்கை: கீழே வானம் தெளிவாக இருக்கும்போதே மேலே கொடைக்கானல் மலையில் பெய்த மழை கும்பக்கரையில் திடீர் வெள்ளமாக இறங்கும். வனத்துறையினர் தடை விதித்தால் முணுமுணுக்காமல் திரும்பிவிடுங்கள். பாறைக்குழிகளின் ஆழம் கண்ணுக்குத் தெரியாது.

கூடலூரைத் தாண்டி லோயர் கேம்ப்பில், 2013இல் திறக்கப்பட்ட பென்னிகுயிக் நினைவு மண்டபம் இருக்கிறது. மேற்கே ஓடிய பெரியாற்றின் நீரை, 1895இல் அணையாலும் மலையைக் குடைந்த சுரங்கத்தாலும் கிழக்கே திருப்பிய பொறியாளர் அவர். நாம் உண்ணும் சோற்றின் வரலாற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்ல அதைவிட நல்ல வகுப்பறை உண்டோ?

இல்லாதது இடமா, நேரமா?

இத்தனை இடங்கள் இருந்தும் நம் குடும்பங்கள் சேர்ந்து போவதில்லை. காரணம் நமக்குத் தெரியும். விடியுமுன்னே ஜீப்பில் ஏறி இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குப் போகிறவர்கள், இருட்டும் வேளையில்தான் வீடு திரும்புகிறார்கள். திராட்சைத் தோட்டத்தில் வேலை செய்வோரின் நிலையும் இதுவே. தூங்கும் பிள்ளையை மட்டுமே பார்க்கும் தந்தையர் நம் பங்கில் பலர். அவர்களைக் கடிந்துகொள்ள நமக்கு உரிமையில்லை. ஆனால் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருப்பலிக்குப் பின், கட்டுச்சோற்றுடன் பேருந்தேறலாம் அல்லவா? அன்று தாயும் சமையற்கூடத்திலிருந்து விடுபடட்டும். புளிசாதத்தைத் தந்தையும் பிள்ளைகளும் சேர்ந்து கட்டட்டும். உல்லாசப் பயணத்திலும் அடுப்பை அவள் தலையில் ஏற்றினால் அது அவளுக்கு ஓய்வாகாது.

ஆசிரியரான நாமும் ஒரு பாடம் கற்றோம். சிறுவனின் கைக்கட்டு அவிழ்ந்த பின், பங்குப் பேரவையில் பேசி, ஞாயிறு மாலை நான்கு மணி முதல் ஆறு மணி வரை ஆலய முற்றத்தைப் பிள்ளைகளுக்குத் திறந்துவிட்டோம். பெருக்குவது அவர்கள் பொறுப்பு, தலைக்கவசமின்றி அனுமதியில்லை, பெரியவர் ஒருவர் உடனிருக்கவேண்டும்.

முதல் ஞாயிறு அச்சிறுவனின் தந்தையே வந்தார். ஏலத்தோட்டத்தில் காய் பறித்துக் கறுத்த விரல்களால் மகனின் கையைப் பற்றிக்கொண்டு, வெறுங்காலுடன் முற்றத்தைச் சுற்றி அவன்கூடவே ஓடினார். படிக்கட்டில் அமர்ந்திருந்த பாட்டி, "மெல்லப் போங்கடா!" என்று இருவரையும் அதட்டினார்.

தரையில் இப்போது கீறல்கள் விழுந்திருப்பது உண்மைதான். அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் நமக்கு மாவுக்கட்டுத்தான் நினைவுக்கு வருகிறது. கீறல்கள் இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.