கல்லமேட்டில் கிடைத்த ஒற்றைப் பல்

திருச்சிக்கு அருகிலுள்ள ஜீயபுரத்தில் எவ்வளவு ஆழம் தோண்டினாலும் டைனோசர் கிடைக்காது. காவிரி வண்டலுக்கு அடியில் கிடப்பது, அந்த விலங்குகள் தோன்றுவதற்கு வெகு காலம் முன்பே உருவான பாறை. பழைய திருச்சி ஜில்லாவின் கிழக்குக் கோடியான இன்றைய அரியலூர்ப் பக்கம் அப்படியல்ல. அங்கே கடல் இருந்தது. அது பின்வாங்கிய இடத்தில் ஆறுகள் கொண்டுவந்து சேர்த்த களிமண்ணும் மணலும்தான் கல்லமேட்டுப் படிவங்கள். 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் டைனோசர்கள் அழிந்த காலத்துக்குச் சற்று முந்தியவை அவை.

புவியியல் ஆய்வாளர் சார்லஸ் மாட்லி 1929-இல் திருச்சி ஜில்லாவின் டைனோசர்களைப் பற்றி விரிவாக எழுதினார். பிறகு, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் யாதகிரியும் அய்யாசாமியும் கல்லமேட்டில் கண்டெடுத்த ராட்சத எலும்புகளுக்கு, மாட்லியின் நினைவாக ‘ப்ருஹத்காயோசாரஸ் மாட்லேயி’ என்று பெயரிட்டார்கள். முதலில் அந்த விலங்கை ஊனுண்ணி என்றே அறிவித்தார்கள். அது நீண்ட கழுத்துள்ள தாவர உண்ணி என்பது பின்னர் வந்த கருத்து. கெடுவாய்ப்பாக, அந்த எலும்புகள் நொறுங்கிப்போய்விட்டன என்ற செய்தி 2017-இல் வெளியானது. படங்களும் குறிப்புகளுமே மிச்சம்.

நொறுங்காமல் தப்பியது மிகச் சிறிய பொருள் ஒன்று.

அஞ்சலி கோஸ்வாமி, குண்டுபள்ளி பிரசாத் உள்ளிட்ட குழு, கல்லமேட்டில் கிடைத்த ஒரே ஒரு சிறு பல்லை 2013-இல் ‘நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்’ இதழில் விவரித்தது. இத்தகைய நுண் எச்சங்களைத் தேடும் வழி எளியது, ஆனால் பொறுமையைச் சோதிப்பது. மண்ணை மூட்டை மூட்டையாக அள்ளி, உலர்த்தி, நீரில் ஊறவைத்துக் கரைத்து, நுண்ணிய சல்லடையில் அலச வேண்டும். எஞ்சியதை நுண்ணோக்கியின் கீழ் மணி மணியாகப் பொறுக்க வேண்டும்.

அந்தப் பல் ட்ரூடாண்டிட் குடும்பத்தைச் சேர்ந்தது என்று குழு முடிவு செய்தது. பறவைகளுக்கு நெருங்கிய உறவான, பெரிய கண்களும் உடலளவுக்கு மிஞ்சிய மூளையும் கொண்ட சிறு டைனோசர்கள் இவை. இவற்றின் பல்லின் அளவுக்கு அதன் ஓரத்து ரம்பப் பற்கள் மிகப் பெரியவை, அடையாளம் அதுதான். அதுவரை இக்குடும்பம் ஆசியா, வட அமெரிக்கா போன்ற வடக்கு நிலங்களில் மட்டுமே அறியப்பட்டிருந்தது. அக்காலத்தில் தனித் தீவாக நகர்ந்துகொண்டிருந்த இந்தியாவுக்கு அது எப்படி வந்தது என்ற கேள்வியை ஒற்றைப் பல் எழுப்பிவிட்டது.

அரியலூர் வட்டாரத்தில் நடக்கும்போது எலும்பு போலவோ சிப்பி போலவோ ஏதேனும் தென்பட்டால், அதைப் பெயர்த்து வீட்டுக்கு எடுத்து வராதீர்கள். எந்த அடுக்கில் கிடந்தது என்ற விவரம் போனால், அதன் ஆய்வு மதிப்பில் பெரும்பகுதி போய்விடும். படமெடுத்து, இடத்தைக் குறித்துக்கொண்டு, புவியியல் ஆய்வுத் துறைக்கோ அருகிலுள்ள கல்லூரியின் நிலவியல் துறைக்கோ தெரிவியுங்கள்.