கல்லறைப் பணத்திலும் கை வைத்தார்கள்!

பிரிட்டனைச் சேர்ந்த வேல்ஸ் நாட்டின் தென்பகுதியிலே, மலையடிவாரத்தில் ஒரு சுரங்கத் தொழிலாளர் சிற்றூர். அபர்வான் என்பது அதன் பெயர். ஊருக்கு மேலே, மலைச்சரிவிலே, இடுகாடு. அங்கே நீண்ட வரிசையாக வெள்ளைக் கல் வளைவுகள். அவற்றின் நிழலிலே உறங்குவோரில் பெரும்பாலோர் பள்ளிப் பிள்ளைகள்!

கொள்ளைநோய் வாரிச் சென்றதா இவர்களை? குண்டு வீசிக் கொன்றானா பகைவன்? இரண்டுமில்லை. தகப்பன்மார் வெட்டிய சுரங்கத்தின் கழிவே பிள்ளைகளைக் கொன்றது.

நிலக்கரியோடு வரும் கல்லையும் மண்ணையும் சேற்றையும் மலைமேலே குவித்து வந்தது நிலக்கரி வாரியம். 1958இல் தொடங்கிய 7ஆம் எண் மேட்டை, நீரூற்றின் மீதே எழுப்பினார்கள். ஊற்று இருப்பது நிலப்படத்திலே தெளிவாகத் தெரியும். பள்ளிக்குப் பின்னாலே ஆபத்து என்று நகரமன்றப் பொறியாளர் 1963இலேயே எழுதினார். கேட்பாரில்லை.

1966 அக்டோபர் 21, காலை 9.15 மணி. மேடு சரிந்தது, பள்ளியை மூடியது. மாண்டவர் 144 பேர். அவர்களிலே பிள்ளைகள் மட்டும் 116! மரண விசாரணையிலே ஒரு தகப்பன் எழுந்தான். 'என் பிள்ளையை நிலக்கரி வாரியம் உயிரோடு புதைத்தது என்று சான்றிதழில் எழுதுங்கள்' என்று கேட்டான். அக்டோபர் 27இல் 81 பிள்ளைகளை ஒரே நாளில் அந்த மலைச்சரிவில் அடக்கம் செய்தது ஊர்.

விசாரணை மன்றம் 76 நாட்கள் அமர்ந்தது. 136 சாட்சிகளைக் கேட்டது. பழி வாரியத்தைச் சேர்ந்தது என்று 1967இல் தீர்ப்புரைத்தது. தண்டனை பெற்றவர் யார்? ஒருவருமில்லை. வேலை இழந்தவர் யார்? ஒருவருமில்லை!

இனித்தான் இருக்கிறது, நாம் நெஞ்சிலே எழுதி வைக்கவேண்டிய செய்தி.

எஞ்சிய மேடுகளை அகற்றுங்கள் என்று ஊரார் கேட்டனர். ஆபத்தில்லை என்றது அரசு. அவர்களோ கார்டிப் நகரிலுள்ள அமைச்சு அலுவலகத்திலே கழிவுச் சேற்றைக் கொண்டுபோய்க் கொட்டினார்கள். அதன் பிறகு அரசு இறங்கி வந்தது. ஆனால் என்ன செய்தது? உலகத்து மக்கள் கண்ணீரோடு அனுப்பிய உதவி நிதியிலிருந்து 1968இல் 1,50,000 பவுனை, மேடு அகற்றும் செலவுக்கென்று வாங்கிக்கொண்டது! கொன்றவன் போட்ட குப்பையை அள்ளக் கூலி கொடுத்தவர், பிள்ளையைப் பறிகொடுத்தவர்.

யார் ஆட்சி அது? முதலாளிகள் கட்சியின் ஆட்சியா? அல்ல, தோழர்களே! தொழிற்கட்சியின் ஆட்சி. சுரங்கமோ 1947 முதல் நாட்டின் உடைமை. வாரியத் தலைவர் ராபென்ஸ் பிரபு, தொழிற்சங்கத்திலே பணியாற்றி வந்தவர். பெயர்ப்பலகை மாறிவிட்டால் நீதி தானே வந்துவிடும் என்று நம்பிக் கண் அயர்வோருக்கு இதைவிடப் பாடம் வேண்டுமா? நம்மவர் ஆட்சி என்றாலும், காவல் காக்கவேண்டியவன் தொழிலாளிதான்.

ஊரார் அயரவில்லை. கல்லறைகளையும் நினைவுத் தோட்டத்தையும் பேணத் தனி அறக்கட்டளை உண்டாயிற்று. 1997இல் அரசு அந்த 1,50,000 பவுனைத் திருப்பித் தந்தது. 29 ஆண்டுக்கு வட்டி ஒரு காசு தரவில்லை. 2007இல் வேல்ஸ் அரசு நினைவு அறக்கட்டளைக்கு 15 லட்சம் பவுனும், கல்வி அறக்கட்டளைக்கு 5 லட்சம் பவுனும் வழங்கியது. காற்றிலும் மழையிலும் பழைய கற்கள் தேய்ந்து போயிருந்தன. அதே ஆண்டிலே வெள்ளைக் கருங்கல்லால் வளைவுகளைப் புதுப்பித்து, பெயர்களையெல்லாம் மறுபடி செதுக்கினார்கள்.

செத்தவர்களுக்கு இத்தனை செலவு எதற்கு என்று கேட்கும் சிக்கனக்காரர்கள் எங்கும் உண்டு. அவர்களுக்குச் சொல்வோம்: சுரங்கம் 1989இல் மூடப்பட்டது, மேடுகள் போய்விட்டன, பொறுப்பிலிருந்தவர்களும் மறைந்தார்கள். குற்றத்துக்குச் சாட்சியாக அந்த மண்ணிலே நிற்பவை அந்தக் கற்கள்தாம். பெயர் தேய்ந்தால் சாட்சி தேயும். சாட்சி தேய்ந்தால், அடுத்த மேட்டை எழுப்புகிறவனுக்கு அச்சம் ஏது?

ஆகவேதான் அபர்வான் மக்கள் அந்த இடுகாட்டைக் கண்போலக் காக்கிறார்கள். உழைப்பவன் எந்நாட்டானாயினும், அவர்களுக்குத் தலை வணங்குவான்!