ஐந்து பல்புகள் கேட்ட கேள்வி

இயற்பியல் வகுப்பறை – 11

கூலும் விதி, காஸ் விதி, மின்னழுத்தம் என்று நிலைமின்னியலைச் சென்ற வாரத்தோடு முடித்தோம். பல்கலைக்கழக முதலாண்டு இயற்பியலில் அடுத்து வருவது மின்சுற்று. மாணவர்கள் மூச்சுவிட்டுக்கொள்ளும் இடம் இது. பரப்புத் தொகையீடு இல்லை, திசையன் தொல்லை இல்லை. ஓம் விதியும் கிர்க்காஃப் விதிகளும் தெரிந்தால் மதிப்பெண் நிச்சயம். அந்த நிம்மதியைத்தான் இந்த வாரம் சோதித்துப் பார்க்கப் போகிறோம்.

அமெரிக்காவின் சியாட்டில் நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர் லிலியன் மெக்டெர்மட். மாணவர்கள் இயற்பியலை எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்பதையே ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்டவர். அவரும் பீட்டர் ஷாஃபரும் 1992-ல் வெளியிட்ட ஆய்வில் ஒரு கேள்வி வருகிறது. தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு நீங்களும் முயலுங்கள்.

மூன்று மின்சுற்றுகள். மூன்றிலும் ஒரே மாதிரி பேட்டரி; அதற்கு அகமின்தடை இல்லை என்று கொள்ளுங்கள். பல்புகள் ஐந்தும் ஒரே வகை. முதல் சுற்றில் 'அ' மட்டும். இரண்டாவதில் 'ஆ', 'இ' இரண்டும் தொடரிணைப்பில். மூன்றாவதில் 'ஈ', 'உ' இரண்டும் பக்க இணைப்பில். எது அதிகப் பிரகாசம், எது குறைவு என்று வரிசைப்படுத்துங்கள். காரணமும் சொல்லுங்கள்.

அ, ஈ, உ மூன்றும் சமமாக எரியும். ஆ, இ இரண்டும் தமக்குள் சமம். ஆனால் மற்ற மூன்றையும் விட மங்கல். கணக்கே போடத் தேவையில்லாத இந்தக் கேள்வியை, நுண்கணிதத்தோடு இயற்பியல் படிக்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பல்கலைக்கழக மாணவர்களிடம் கேட்டிருக்கிறார்கள். சரியாகச் சொன்னவர்கள் ஏறத்தாழ 15 சதவீதம்தான். பாடம் நடத்துவதற்கு முன் கேட்டாலும் நடத்திய பின் கேட்டாலும் நிலைமை பெரிதாக மாறவில்லை என்பதுதான் ஆசிரியர்களை உலுக்க வேண்டிய செய்தி.

தவறுக்குள் ஒரு தர்க்கம்

தவறாகச் சொன்னவர்கள் யோசிக்காமல் சொல்லவில்லை. 'ஆ'-வைத் தாண்டி வரும்போது மின்னோட்டத்தில் கொஞ்சம் செலவாகிவிடும், எனவே 'இ' மங்கல் என்றார்கள் சிலர். பேட்டரி எப்போதும் ஒரே அளவு மின்னோட்டத்தைத்தான் தரும், பக்க இணைப்பில் அது இரண்டாகப் பிரிவதால் ஈ, உ இரண்டும் மங்கும் என்றார்கள் வேறு சிலர்.

இரண்டுமே கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கின்றன. ஆனால் சைக்கிள் செயினை நினைத்துப் பாருங்கள். மிதிக்கும் வலு பின்சக்கரத்துக்குப் போய்ச் சேர்கிறது. செயின் ஒரு கண்ணிகூடக் குறைவதில்லை. மின்சுற்றிலும் அப்படித்தான்: பல்பில் வெப்பமாகவும் ஒளியாகவும் வெளியேறுவது ஆற்றல், மின்னூட்டம் உள்ளே வந்த அளவே வெளியே போகிறது. பேட்டரி நிலையாக வைத்திருப்பது மின்னழுத்த வேறுபாட்டை. எவ்வளவு மின்னோட்டம் பாயும் என்பதை முழுச் சுற்றும் சேர்ந்து தீர்மானிக்கிறது.

இந்தத் தெளிவு இல்லாமலே கிர்க்காஃப் கணக்குகளைப் போட்டுவிட முடியும். மூன்று சமன்பாடு, மூன்று மாறிகள், தீர்த்தால் விடை. இயற்கணிதத்தில் தேர்ந்த மாணவரை மின்சாரம் புரிந்தவர் என்று தேர்வுத்தாள் சான்று கொடுத்துவிடுகிறது. அந்த மாணவருக்கு நாம் செய்யும் அநீதி இது என்றே நினைக்கிறேன்.

கம்பிக்குள் என்ன நடக்கிறது?

இதைவிட ஆழமான ஓர் இடைவெளியும் உண்டு. கடத்தியின் உள்ளே மின்புலம் சுழி என்று போன மாதம்தான் படித்தோம். இப்போது அதே கடத்திக்குள் எலக்ட்ரான்கள் ஓடுகின்றன என்கிறோம். புலம் இல்லாமல் அவற்றைத் தள்ளுவது எது? முதல் கூற்று மின்னூட்டங்கள் அசையாமல் நிற்கும் சமநிலைக்கு மட்டுமே பொருந்தும். பேட்டரியை இணைத்ததும் கம்பியின் மேற்பரப்பில் மிகச் சிறிய அளவில் மின்னூட்டம் படிகிறது. ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அது படிப்படியாக மாறுவதால், கம்பிக்குள் அதன் நீளவாக்கில் மின்புலம் உருவாகிறது. ரூத் சேபே, புரூஸ் ஷெர்வுட் இருவரும் தங்கள் பாடநூலில் நிலைமின்னியலையும் மின்சுற்றையும் இந்தப் பாலத்தால்தான் இணைத்தார்கள்.

எலக்ட்ரானின் வேகத்தைக் கேட்டால் வியப்பீர்கள். ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்புள்ள செப்புக் கம்பியில் 1 ஆம்பியர் பாயும்போது அதன் இழுப்புத் திசைவேகம் வினாடிக்குச் சுமார் 0.07 மில்லிமீட்டர். ஒரு மீட்டரைக் கடக்க ஏறக்குறைய மூன்றே முக்கால் மணி நேரம். ஆனாலும் சுவிட்சைத் தட்டியதும் விளக்கு எரிகிறது. ஏனென்றால் எலக்ட்ரான்கள் கம்பி முழுவதும் ஏற்கெனவே இருக்கின்றன. புலத்தின் மாற்றம் ஒளிக்கு நெருங்கிய வேகத்தில் அவற்றை எட்டிவிடுகிறது. சுற்றில் இன்னொரு பல்பைச் சேர்த்தாலும் மேற்பரப்பு மின்னூட்டம் நொடியில் மாறி அமைகிறது. சுற்று முழுவதும் சேர்ந்து முடிவெடுப்பது இவ்வாறுதான்.

விடை சொல்லாத வகுப்பு

மெக்டெர்மட் குழு இதற்கு உருவாக்கிய வழி எளியது. விரிவுரையோடு, வாரம் ஒரு முறை மூன்று நான்கு மாணவர்கள் சேர்ந்து உட்கார்ந்து பயிற்சித்தாளை விவாதிப்பார்கள். வழிநடத்துபவர் விடை சொல்ல மாட்டார். அடுத்த கேள்வியைக் கேட்பார். அந்தத் தாளுக்கு மதிப்பெண் கிடையாது. ஆனால் தேர்வில் அதை ஒட்டிய கேள்வி வரும்.

தனியாகப் படிப்பவர்களும் இதைச் செய்யலாம். எல்.இ.டி. அல்லாத, இழை கொண்ட ஒரே வகை டார்ச் பல்புகள் இரண்டும் புதிய பேட்டரிகளும் போதும். இணைப்பதற்கு முன் உங்கள் கணிப்பையும் காரணத்தையும் எழுதிவிடுங்கள். பக்க இணைப்பில் பல்புகள் லேசாக மங்கினால் பதற வேண்டாம். பேட்டரியின் அகமின்தடை தலைகாட்டுகிறது. கணிப்பு பொய்த்தால் எழுதிய காரணத்தை வரிவரியாகத் திருத்துங்கள். கணக்குப் புத்தகத்தை அதன் பிறகு திறக்கலாம்.

அடுத்த வாரம் ஃபாரடேயிடம் போகிறோம். மாறும் காந்தப்புலம் ஒரு சுற்றுக்குள் நுழைந்தால், அதே இரண்டு புள்ளிகளில் இணைத்த இரண்டு வோல்ட்மீட்டர்கள் வெவ்வேறு அளவுகளைக் காட்டக்கூடும். ஏன் என்று இப்போதே ஒரு கணிப்பை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

(தொடரும்)